கட்டிலுக்கு அடியில் 60 ஜோடி

என் தொழிலில் போட்ட முதல் பணம் இன்னும் என் வீட்டை விட்டுப் போகவில்லை. அம்மாவின் கட்டிலுக்கு அடியில் நான்கு அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது. மொத்தம் 60 ஜோடி செருப்பு. வீடு பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அந்தப் பெட்டிகளில் முட்டும். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு தரம் பெட்டியைப் பார்ப்பார், ஒரு தரம் என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஆன்லைனில் எப்படி வியாபாரம் ஆரம்பிப்பது என்று கேட்டு இப்போது நிறையப் பேர் போன் செய்கிறார்கள். பெரும்பாலும் நான் முன்பு வேலை பார்த்த இடத்துப் பெண்கள். ஒருத்திக்கு மசாலாப் பொடி, ஒருத்திக்கு ஆரி வேலை ஜாக்கெட், ஒருத்திக்கு ஆம்பூர்ப் பிரியாணிக்கான பொடியைப் பாக்கெட் போட்டு விற்கும் யோசனை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். ஆனால் அந்த 60 ஜோடியில் இருந்துதான் சொல்ல முடியும், வேறு இடத்தில் ஆரம்பித்தால் பொய்யாகிவிடும்.

நாங்கள் வேலூர் காகிதப்பட்டறையில் இருக்கிறோம். ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் 11 வருஷம் வேலை பார்த்தேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கள் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் தோல் வாசனையோ ஷூ கம்பெனி பஸ்ஸோ கண்ணில் படும். தெருவுக்கு நாலு பெண்கள் அந்த பஸ்ஸில் ஏறுவார்கள். நான் ஸ்டிச்சிங் செக்‌ஷன். அப்பர் தைப்பேன், அதாவது ஷூவின் மேல்பாகம். கட்டிங்கில் இருந்து துண்டுகள் வரும், தைத்து அடுத்த செக்‌ஷனுக்குத் தள்ளுவோம். அங்கே அதைக் கால் வடிவக் கட்டையில் ஏற்றி இழுத்து ஒட்டுவார்கள். 11 வருஷத்தில் எத்தனை ஆயிரம் ஜோடி என் கையைத் தாண்டிப் போயிருக்கும் என்று தெரியாது. அதை மாட்டிக்கொள்ளும் காலை ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பிளாஸ்டிக் கட்டைதான். இது ஒரு குறை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

2019 மே மாதம் அம்மா மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டார். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். வெறுங்காலில் பத்து நிமிஷம் நின்றிருப்பார். சாயங்காலம் கால் கழுவும்போதுதான் பாதத்தில் இரண்டு பெரிய கொப்புளங்கள் இருப்பது தெரிந்தது. "சுடலையாம்மா?" என்று கேட்டேன். "சுட்டா நின்னிருப்பேனா?" என்றார். 14 வருஷமாகச் சர்க்கரை இருந்தது. கால் மரத்துப் போயிருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. கொப்புளம் உடைந்து, புண்ணாகி, ஆற ஐந்து மாதம் ஆனது. கடைசியில் டாக்டர் சொன்னது இரண்டே விஷயம்: வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக் கூடாது, எம்.சி.ஆர். செருப்பு போட வேண்டும்.

எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்த ரப்பர் ஷீட். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும், எடுத்தால் எழும்பிவிடும். ரப்பரின் கடினத்தை ஷோர் என்ற அளவில் சொல்வார்கள், இதற்கு 15 அளவில் இருக்க வேண்டும். அதைவிட மெத்தென்று இருந்தால் பாதம் தரையைத் தொட்டுவிடும், கடினமாக இருந்தால் போட்டும் பயனில்லை. இந்தச் செருப்புக்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் வந்தவர்களின் கை கால்கள் சிதைவதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று எடுத்துக்காட்டியவர் அவர். நமக்கெல்லாம் ஓர் இடத்தில் வலித்தால் நம்மை அறியாமலே காலை மாற்றி வைத்துவிடுவோம். வலி தெரியாதவர் அதே இடத்தை மிதித்து மிதித்துப் புண்ணாக்கிக்கொள்வார். பிறகு 1955-ல் காட்பாடியைத் தாண்டிக் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே மருத்துவமனை வந்தது. உணர்ச்சி இல்லாத காலுக்கு மெத்தென்ற செருப்பு என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஆயிற்று.

சிக்கலும் அங்கேதான். கறுப்பு ஷீட்டில் பட்டை வைத்த அந்தச் செருப்பை வேலூரில் யாரைக் கேட்டாலும் அடையாளம் சொல்வார்கள். அம்மா அதை ஒரு நாள் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "வாணாம்டி. இது பெருவியாதிக்காரங்க செருப்புன்னு எல்லாரும் பாக்கறாங்க." கோயில் வாசலில் விட்டால் திருடன்கூட எடுக்க மாட்டான் என்று நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பழைய ஹவாய் செருப்புக்கே போய்விட்டார்.

என் மாமா, அம்மாவின் தம்பி, லாங்கு பஜார் பக்கம் சின்னக் கடை வைத்துச் செருப்பு தைத்தவர். ரெடிமேட் வந்த பிறகு கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் உட்கார்ந்தோம். உள்ளே அதே எம்.சி.ஆர்., 10 மில்லிமீட்டர். அடியில் முள் குத்தாத கெட்டி ரப்பர். மேலே காப்பிக்கொட்டை நிறத்தில் மெல்லிய தோல். பார்த்தால் பக்கிள் வைத்த மாதிரி இருக்கும், பக்கிளுக்குப் பின்னால் வெல்க்ரோ. கட்டைவிரலுக்கு இடையில் வார் கிடையாது, அந்த வார்தான் மரத்த காலை அறுக்கும். குதிகாலைச் சுற்றிப் பின்வார் உண்டு, இல்லாவிட்டால் செருப்பு கழன்றால்கூட அவர்களுக்குத் தெரியாது. ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் தையலும் சொல்யூஷன் பசையும்தான். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலில் போட்டார். அடுத்த வாரம் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனார். அதுவரை இது அம்மாவுக்கான செருப்பு, அவ்வளவுதான்.

கொரோனாவில் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது. 2021-ல் நான் நின்றுவிட்டேன். அந்த வருஷம் அம்மாவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போன இடத்தில், வங்காளத்தில் இருந்து வந்த ஓர் அம்மா என் அம்மாவின் காலைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குக் கடைத்தெரு இந்திதான் வரும். எங்கே வாங்கினது என்று கேட்கிறார் என்பது மட்டும் புரிந்தது. வேலூரில் காந்தி ரோடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், லாட்ஜ் போர்டுகளில் பாதி வங்காளியில் இருக்கும். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வருகிறார்கள். இங்கே செருப்பு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். எம்.சி.ஆர். நிரந்தரம் இல்லை, தினமும் நடந்தால் சில மாதங்களில் அமுங்கித் தட்டையாகிவிடும். அப்போது என்ன செய்வார்கள்? ஒரு செருப்புக்காக ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து காட்பாடிக்கு வர முடியுமா?

இதுதான் என் யோசனை. வேலூரில் விற்பதைவிட வேலூரை விட்டுப் போனவர்களுக்கு விற்பது. யோசனையில் தப்பு ஒன்றும் இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

தப்பெல்லாம் அதற்கப்புறம் செய்தேன். பி.எஃப். பணம் வந்திருந்தது. சென்னை பெரியமேட்டுக்குப் போய் ஷீட்டும் சோலும் மொத்தமாக வாங்கி வந்து, 5-ல் இருந்து 10 வரை எல்லா சைஸிலும் 100 ஜோடி தைத்தோம். கம்பெனியில் இருந்தவள் அல்லவா, எனக்குத் தெரிந்தது அப்படித்தான். முதலில் சரக்கு, அப்புறம் ஆள். ஒருவரிடம் 18,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் போட்டோம். பச்சை நிறத்தில் ஜிலுஜிலுவென்று இருந்தது. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். காலியான இடத்தை ஆள் இல்லாத என் வெப்சைட் நிரப்பியது.

அண்ணன் மகன் காலேஜில் படிக்கிறான். அவன்தான் விளம்பரம் போடச் சொன்னான். கேஷ் ஆன் டெலிவரி வைத்தால் ஆர்டர் வரும் என்றான். வந்தது. ஐந்து மாதத்தில் 74 ஆர்டர். 19 பேர் வாசலில் வந்த பார்சலை வாங்கவே இல்லை. போனை எடுக்காதவர், ஊரில் இல்லாதவர், "நான் எங்கே ஆர்டர் போட்டேன்" என்று நம்மையே கேட்டவர். இன்னொரு 15 பேர் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். போக வர கூரியர் ஒரு ஜோடிக்குச் சுமார் 180 ரூபாய். அந்த வகையில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் போனது. திரும்பி வராமல் நின்றது 40 ஜோடி, அதிலும் எத்தனை பேர் போட்டு நடக்கிறார்களோ தெரியாது.

வாங்காதவர்கள்மேல் எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. திருப்பி அனுப்பிய 15 பேர்தான் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அவர்கள் யாரும் செருப்பு மட்டம் என்று சொல்லவில்லை. ஒரு கால் சரியாக இருக்கிறது, இன்னொன்று கடிக்கிறது என்றார் ஒருவர். நீளம் சரி, மேலே வார் எட்டவில்லை என்றார் இன்னொருவர். ஜாம்ஷெட்பூரில் இருந்து ஒருவர் காலைப் படம் எடுத்தே அனுப்பியிருந்தார். இரண்டாம் விரல் மடங்கி மேலே தூக்கியிருந்தது. எந்த சைஸ் கொடுத்திருந்தாலும் அந்த விரல் வாரில் உரசும். மரத்த காலில் உரசினால் அவருக்குத் தெரியாது. அதைப் பார்த்தபோது நிஜமாகவே பயமாக இருந்தது. நான் விற்றது ஒருத்தருக்குப் புண் கொடுத்திருந்தால்?

பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் வெற்றிலையை மென்றபடி, "இன்னா பாப்பா, காலைப் பாக்காமயே செருப்பு தெச்சிக் குடுத்துகினு இருக்கியே. கால்தான் உங்கிட்ட வராது, அளவாச்சும் வரணும்ல?" என்றார். 8-ம் நம்பர் என்று ஆர்டரில் போட்டிருக்கிறதே, அது அளவுதானே என்றேன். "அது உன் கம்பெனி கட்டையோட அளவு. அந்த ஆளோட அளவா?"

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 7, 8 என்று நாம் சொல்வது இங்கிலீஷ் சைஸ். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளம் கூடும். 39, 40 என்று போகும் ஐரோப்பிய சைஸில் ஒரு எண்ணுக்கு ஆறே முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டுமே நீளத்தைத்தான் சொல்கின்றன. அகலம், மேல்சுற்று, வீக்கம், மடங்கிய விரல், எடுத்துவிட்ட விரல், இது எதுவும் அந்த எண்ணில் கிடையாது. நல்ல காலுக்கு அது போதும், தோல் கொஞ்ச நாளில் விட்டுக்கொடுத்துவிடும். என் வாடிக்கையாளர்களின் கால் அப்படிப்பட்ட கால் இல்லை.

மாமா கடையில் அளவு எடுத்த முறை இதுதான்: தரையில் தாளைப் போட்டு, ஆளை அதன்மேல் நிற்க வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு. அப்புறம் பாதத்தின் அகலமான இடத்தில் ஒரு நூலைச் சுற்றி, இரண்டு முனையும் சேரும் இடத்தில் அறுப்பார். மேல்பாதத்தில் இன்னொரு நூல். இரண்டையும் தாளிலேயே ஒட்டி வைப்பார். அந்த ஆள் அடுத்த வருஷம் வந்தாலும் தாள் இருக்கும். இதையே தபாலில் வரவழைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அத்தே, ஒரு கிளிக்ல வாங்கத்தான் ஆன்லைன்ல வராங்க. நீங்க தாள் எடு, நூல் எடு, ஸ்டாம்ப் ஒட்டுன்னா ஓடிப்போயிடுவாங்க."

ஓடித்தான் போனார்கள். மாதம் 15 ஆர்டர் வந்த இடத்தில் அடுத்த மாதம் 4. ஆனால் அந்த நாலு பேரும் சாயங்காலம் வரை காத்திருந்து, யாரையோ கூப்பிட்டுக் கோடு போட வைத்து, நூல் ஒட்டி, தபால் பெட்டி வரை நடந்தவர்கள். அவ்வளவு மெனக்கெட்டவர் பார்சல் வரும்போது வேண்டாம் என்று சொல்வதில்லை. பணத்தை முன்னாடியே யு.பி.ஐ.யில் அனுப்பச் சொன்னபோதும் முகம் சுளிக்கவில்லை. கேஷ் ஆன் டெலிவரியை அத்தோடு எடுத்துவிட்டேன். வாங்குவதை எவ்வளவு சுலபமாக்க முடியுமோ அவ்வளவு சுலபமாக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். மசாலாப் பொடிக்கு அது சரியாக இருக்கலாம். என் தொழில் வாங்குவதைக் கஷ்டமாக்கிய பிறகுதான் ஓட ஆரம்பித்தது.

அளவு எடுக்கும் விதத்தைச் சரிசெய்யவே ஒரு வருஷம் ஆனது. காலையில் எடுத்த அளவு சாயங்காலம் பத்தாது, கால் வீங்கும். அதனால் விளக்கு வைக்கும் நேரத்தில் எடுக்கச் சொல்கிறோம். உட்கார்ந்து எடுத்தால் பாதம் விரியாது, நின்றுதான் எடுக்க வேண்டும். தனக்குத்தானே குனிந்து கோடு போட்டால் எடை முன்னால் சாயும், அதனால் வேறொருவர் போட வேண்டும். பென்சில் நேராக நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் குதிகாலில் 3 மில்லிமீட்டர், விரல் முனையில் 3 மில்லிமீட்டர் குறைந்து முக்கால் சைஸ் காணாமல் போகும். கம்பளி நூல் இழுபடும், பருத்தி நூல்தான் வேண்டும். இரண்டு காலுக்கும் தனித்தனித் தாள். இதில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம், வந்த தாள்களில் இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தவை மிகக் குறைவு. 11 வருஷம் இடதும் வலதும் கண்ணாடி பிம்பம் மாதிரி தைத்தவள் நான்.

ஏ4 தாள்தான் கேட்போம். 210-க்கு 297 மில்லிமீட்டர் என்பது எந்த ஊரில் வாங்கினாலும் மாறாது. முதலில் நான்கு ஓரமும் தெரிகிற மாதிரி வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொல்வோம். தாளின் அளவு தெரியும் என்பதால் படத்தில் இருந்தே கால் அளவு ஏறக்குறைய கிடைத்துவிடும். கோடு கோணல் என்றால் உடனே சொல்லி மறுபடி எடுக்க வைக்கலாம். ஆனால் வெட்டுவது தபாலில் வந்த நிஜத் தாளை வைத்துத்தான். ஒரு தாள் 5 கிராம், இரண்டு தாளும் உறையும் சேர்ந்து 20 கிராமுக்குள் அடங்கும், 5 ரூபாய் ஸ்டாம்ப் போதும். மொழிதான் தடையாக இருந்தது. அதற்கு அண்ணன் மகன் ஒரு வீடியோ எடுத்தான். ஒன்றரை நிமிஷம், பேச்சே கிடையாது. அம்மாவின் கால், என் கை, தாள், நூல், கத்தரிக்கோல். பென்சில் சாயும்போது ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வரும். வங்காளிக்காரருக்கும் புரிகிறது, எங்கள் தெரு ஆயாவுக்கும் புரிகிறது. 18,000 ரூபாய் வெப்சைட் செய்யாததை அந்த வீடியோ செய்தது. வெப்சைட்டை அடுத்த வருஷம் புதுப்பிக்கவே இல்லை.

காகிதப்பட்டறை என்ற பேருள்ள ஊரில் இருந்துகொண்டு காகிதத்தை வைத்துப் பிழைப்பதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

சட்டம், வரி பற்றிக் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. எனக்குப் பதிந்து கொடுத்த பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் வாங்கினார்கள், ஏமாந்தேன். ஜி.எஸ்.டி. விஷயத்தில் வருஷ விற்பனை 40 லட்சம் வரை கவலை இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது நம் மாநிலத்துக்குள் விற்கிறவர்களுக்கு. என் செருப்பு கொல்கத்தாவுக்குப் போக வேண்டும் என்றால் முதல் ஜோடியில் இருந்தே பதிவு வேண்டும். கணக்கு குறைவாக இருக்கும் என்று காம்போசிஷன் என்ற சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் சேரலாமா என்று பார்த்தேன், அதில் சேர்ந்தால் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. ஆரம்பத்தில் விலையை 999 என்று வைத்தேன். அதில் வியாபாரத் தந்திரம் எதுவும் இல்லை. அப்போது 1,000 ரூபாய் வரை 12 சதவீதம், தாண்டினால் 18. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து 2,500 வரை 5 சதவீதம் ஆனது. அதற்கப்புறம்தான் மூச்சு விட்டு 1,250 ஆக்கினேன்.

கூரியரிலும் ஒரு பாடம். செருப்பு 600 கிராம்தான் இருக்கும். ஆனால் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடைக்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் பணம். ஷூ டப்பா மாதிரி 33, 21, 12 அளவில் பெட்டி வைத்திருந்தேன். கணக்குப்படி 1.66 கிலோ. காற்றுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து 30, 14, 11 பெட்டியில் அனுப்புகிறோம், ஒரு கிலோவுக்குள் அடங்குகிறது.

1,250-ல் எனக்கு என்ன நிற்கிறது என்பதையும் மறைக்கவில்லை. வரி 60 போக 1,190. ஷீட், சோல், தோல், வெல்க்ரோ 410. கூலி 280. பெட்டியும் லேபிளும் 40. கூரியர் சராசரி 110. கார்டில் கட்டுகிறவர்களும் உண்டு, அந்த வகைக் கமிஷனுக்கு 30. திருத்திக் கொடுக்க, சிலதை மறுபடி முழுசாகத் தைத்துக் கொடுக்க என்று 70 ஒதுக்கி வைக்கிறேன். மீதி 250. இதில் கரண்ட், போன், ஆடிட்டர். மாதம் 70, 75 ஜோடி போகிறது. என்னோடு இரண்டு பெண்கள் தைக்கிறார்கள், இரண்டு பேரும் பழைய கம்பெனித் தோழிகள். மாமா வெட்டுகிறார். கம்பெனிச் சம்பளத்தைவிட என் கைக்கு வருவது கொஞ்சம் கூட, சில மாதம் குறைவு. லட்சாதிபதி ஆகிவிட்டேனா என்று கேட்கிறவர்கள் இந்தப் பத்தியை மறுபடி படிக்கலாம்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது என்பதில் அண்ணன் மகனோடு ஒரு சண்டை நடந்தது. "புண் வராது" என்று ஒரு வரி போட்டால் விற்பனை கூடும் என்றான். போட மாட்டேன் என்றேன். சர்க்கரை வியாதியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். நான் குணமாகும் என்று சொல்லவில்லைதான். ஆனாலும் செருப்பு தைக்கிறவள் செருப்பைப் பற்றி மட்டும் பேசினால் போதும். மெத்தென்று இருக்கும், உங்கள் காலுக்கு வெட்டியது, ஆணி கிடையாது. தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள். இவ்வளவுதான் எங்கள் லேபிளில் இருக்கும்.

அந்தக் கடைசி வரி எப்படி வந்தது என்று சொல்கிறேன். போன வருஷம் மழைக்காலத்தில் மேற்கு வங்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்து உறை வந்தது. நேர்த்தியான கோடு, இரண்டு நூலும் அழகாக ஒட்டியிருந்தது. வலது தாளில் பெருவிரலுக்குக் கீழே, ஐம்பது பைசா நாணயம் அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. டீக்கறை என்று நினைத்தேன். மாமா தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், கீழே வைத்தார். கத்தியை எடுக்கவில்லை. "போன் போடு" என்றார்.

போட்டேன். பெரியவர் ஒருவர் எடுத்தார். என் அரைகுறை இந்தியில், வலது காலைத் திருப்பிப் பாருங்கள் என்றேன். ஒன்றுமில்லையே, வலியே இல்லையே என்றார். வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். மருமகள் வந்தார். போனைக் கீழே வைத்துவிட்டுப் போன சத்தம், அப்புறம் அவர்கள் மொழியில் கத்திய சத்தம். திரும்ப எடுத்தபோது அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வரவில்லை. பாதத்தில் ஓட்டை மாதிரி இருக்கிறதாம், சாக்ஸில் ஒட்டியிருக்கிறதாம். எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது. முதலில் டாக்டரிடம் போங்கள், செருப்பு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பணத்தைத் திருப்பி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் புதுத் தாள் வந்தது, கறை இல்லாமல். வலது காலில் பெருவிரல் இருந்த இடத்தில் கோடு நேராகப் போயிருந்தது. மாமா அதற்கென்று தனியாக உள்ளே ஒரு மெத்தை வைத்து வெட்டினார்.

அன்றிலிருந்து உறை வந்ததும் தாளின் பின்பக்கத்தையும் பார்க்கிறோம். புண் இருக்கிறவருக்குத் தைப்பதில்லை. பழைய தாளை வைத்து இரண்டாம் ஜோடி தைப்பதையும் நிறுத்திவிட்டோம். ஆறு மாதத்தில் கால் மாறியிருக்கும், புதுத் தாள் வேண்டும் என்கிறோம். இதனால் சிலர் போய்விடுகிறார்கள். போகட்டும்.

அந்த 60 ஜோடியைத் தள்ளுபடியில் தள்ளிவிடலாமே என்று பலர் கேட்டாயிற்று. நல்ல கால் உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பதில் தப்பில்லை, அக்கம்பக்கத்தில் ஒன்றிரண்டு கொடுத்தும் பார்த்தேன், விலை இல்லாமல் கொடுத்ததால் யாரும் போடவில்லை. பிறகு விட்டுவிட்டேன். ஷீட் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் இறுகிக்கொண்டே போகிறது.

அம்மாவுக்கு மட்டும் வருஷத்துக்கு இரண்டு ஜோடி. போன தை மாதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். மெரூன் கலரில் புது ஜோடி போட்டுக்கொண்டு வந்தார். பந்தியில் சித்தி முறை ஆகும் ஒருவர் குனிந்து பார்த்து, "எங்கக்கா வாங்கினே, சூப்பரா கீதே" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா, "மெட்ராஸ்ல" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏம்மா நான் தைத்தது என்று சொன்னால் என்ன என்று. "உன் பேரைச் சொன்னா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் சக்கரை, புண்ணுன்னு எல்லாம் சொல்லணும். ஒண்ணும் வாணாம்" என்றார். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளிகொண்டா தாண்டியதும் அவராகவே, "வெலையும் கேட்டா" என்றார்.

"என்ன சொன்னே?"

"மூவாயிரம்."